மூன்று வருடம் பிந்திய முழுக்கு

செத்துப்போனவனைப் பற்றியும் உயிரோடு இருப்பவனைப் பற்றியும் ஒரே மாதிரிப் பேசத் தமிழில் ஒரு வசதி இருக்கிறது. "தம்பி புட்டென்றால் நல்லாச் சாப்பிடுவான்" என்று சொன்னால் இன்றைக்கும் சாப்பிடுகிறான் என்று எடுத்துக்கொள்ளலாம். முந்திச் சாப்பிட்டான் என்றும் எடுத்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடத்தில் அதை எதிர்காலம் என்று படிப்பித்தார்கள். நான் அதற்குள் மூன்று வருடம் ஒளிந்திருந்தேன். கொழும்பில் இருந்த அம்மாவோடு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தொலைபேசியில் கதைக்கும்போது தம்பியைப் பற்றி அந்த ஒரு காலத்தில்தான் பேசினேன். "வேலையால வந்தா நித்திரை கொள்ளுவான்." "குளிரெண்டால் அவனுக்குக் கோபம் வரும்." "உங்களைப் பற்றித்தான் எந்த நேரமும் கதைப்பான்." ஒரு சொல்லும் பொய்யில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு தேத்தண்ணி வைக்கப் போய்விடுவேன்.

தம்பி ஒரு மாசி மாதக் காலையில் செத்துப்போனான். டோர்வல் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை ஏற்றி இறக்கும் வேலை அவனுக்கு. வேலை முடிந்து வரும் வழியில் நெடுஞ்சாலையில் ஐஸில் கார் சறுக்கிவிட்டது. இருபத்தெட்டு வயது. மொன்றியலில் என்னோடுதான் இருந்தான், எங்கள் வீட்டு நிலவறையில். நானும் டோர்வலில்தான் வேலை, விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற இடத்தில். அன்றைக்கு நான் வரிசையில் நின்று வெண்ணெய்க் கட்டிகளைத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தபோது மேற்பார்வையாளர் வந்து என் தோளைத் தொட்டார். அந்த மனிதர் அதற்கு முதல் என்னோடு பொன்ஜூர் தவிர வேறு ஒரு சொல் கதைத்ததில்லை.

அந்த நேரம் அம்மா நெஞ்சு வருத்தத்தோடு ஆசுப்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்து இரண்டு கிழமைதான். எங்கள் வரவேற்பறையில் கூடியிருந்த பெரியமனிதர்கள் எல்லாரும் ஒரே வாயாய்ச் சொன்னார்கள்: "மனிசி தாங்காது. ஆறு மாசம் போகட்டும், பேந்து ஆறுதலாச் சொல்லுவம்." எல்லாரும் மற்றவர் வீட்டுத் தாய்க்கு நல்லது நினைக்கிறவர்கள். நானும் தலையாட்டினேன். என் மண்டைக்குள் மண்ணா இருந்தது? ஆறு மாதம் ஒரு வருடமாயிற்று. ஒரு வருடத்துக்குப் பிறகு எப்படிச் சொல்வது? சொன்னால், "ஒரு வருசமா ஏன் சொல்லேல்லை" என்று கேட்பாவே! அதற்குப் பயந்து இன்னொரு வருடம். புண்ணை மூடி மூடிச் சீழ் பிடிக்க வைத்தோம்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. முதல் வருடம் தம்பியின் பிறந்தநாளுக்கு அம்மா ஒற்றைக்காலில் நின்றா. "ஒருக்கா அவன்ர குரலைக் கேட்டாப் போதும் பிள்ளை. அரை நிமிசம்." நான் என் மனிசனைப் பார்த்தேன். அவர் டவுன்டவுனில் ஒரு உணவகத்தில் சமையல் வேலை செய்கிறவர், ஒரு எறும்புக்கும் தீங்கு நினையாதவர். அவர் ரிசீவரை வாங்கி, தொண்டையைக் கனைத்து, "அம்மா, நான்தான். தடிமன், குரல் அடைச்சிருக்கு. நான் நல்லா இருக்கிறன் அம்மா. யோசியாதேங்கோ" என்றார். அம்மா அந்தப் பக்கத்தில் அழுதது எனக்குக் கேட்டது. ரிசீவரை வைத்துவிட்டு அவர் போய்க் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டார். அடுத்த பிறந்தநாளுக்கும் அவருக்குத் தடிமன் வந்தது.

கனடாவுக்கு வர அம்மாவுக்கு இரண்டு முறை வீசா மறுத்துவிட்டார்கள். என்னிடம் இருந்த அகதிப் பயணப் பத்திரத்திலோ இலங்கை தவிர்ந்த எல்லா நாட்டுக்கும் என்று அடித்திருக்கும். எங்களைப் போன்ற தாய்மாரும் பிள்ளைகளும் அந்த நாட்களில் மூன்றாவது நாடு ஒன்றில்தான் சந்தித்தார்கள். எங்களுக்கு அது வியட்நாமாக வாய்த்தது. தனியாகப் போக வீசா எடுப்பது பெரும்பாடு. கொழும்பில் ஒரு முகவர் ஆட்களைச் சேர்த்து ஐந்து நாள் சுற்றுலா கூட்டிப்போனார். அம்மா அதில் ஒரு இடம் பிடித்துக்கொண்டு, "வா பிள்ளை, அங்கை காண்பம்" என்றா. பதினான்கு வருடத்துக்குப் பிறகு அம்மாவைக் காணப் போகிறேன். சந்தோசத்தில் குதித்திருக்க வேண்டும். நான் விமானத்தில் ஏறியது முதல், நாங்கள் அடுக்குகிற அதே தட்டை மடியில் வைத்துக்கொண்டு, எப்படிச் சொல்வது, எந்த நேரம் சொல்வது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

சைகோன் விடுதி வாசலில் அம்மா என் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தா. ஒரு பிடி உயரம் குறைந்திருந்தா. பிறகு என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

"தம்பி வரேல்லையோ?"

"லீவு கிடைக்கேல்லை அம்மா."

"அதுக்கென்ன, வேலை முக்கியம்" என்றா. முகம் வாடியது ஒரு கணம்தான். உடனே கைப்பையைத் திறந்து ஒரு படத்தையும் நாலாக மடித்த ஒரு தாளையும் எடுத்தா. படத்தில் ஒரு பெண், கண்ணாடி போட்டவள், சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம். தாள் அவளுடைய சாதகக் குறிப்பு. யாழ்ப்பாணத்தில் படிப்பிக்கிறாளாம். பொருத்தம் பார்த்தாயிற்றாம். அம்மா வாக்குக் கொடுத்துவிட்டாவாம்.

"லண்டன் மாப்பிளை ஒண்டு வந்தது பிள்ளை. நான் சொன்ன ஒரு சொல்லுக்காக அதுகள் வேண்டாமெண்டு விட்டிட்டுதுகள். நல்ல பெட்டை. தம்பியைக் காத்துக்கொண்டிருக்கிறாள்."

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணத்தைச் செய் என்று சொல்வார்கள். எங்கள் பொய்களெல்லாம் சேர்ந்து ஒரு பெண்ணை ஒரு பிணத்துக்கு நிச்சயம் செய்துவிட்டன. ஐயோ, கடவுளே! அந்தக் கண்ணாடிப் பெண்ணின் முகத்தைப் பார்த்தபோது, அம்மா கொழும்புக்குத் திரும்பி ஏறுவதற்கு முதல் சொல்லியே ஆகவேண்டும் என்று தெரிந்துவிட்டது. நெஞ்சு வருத்தம் என்று இனிச் சாட்டுச் சொல்ல முடியாது.

மூன்றாம் நாள் எங்களைக் கன்தோ என்ற ஊருக்கு பஸ்ஸில் கொண்டுபோனார்கள். அங்கே மேகோங் ஆறு பல கிளையாகப் பிரிந்து கடலுக்குப் போகிறது. ஆற்றின் மேல் சந்தை கூடும்; காலையில் வெயில் ஏறுவதற்கு முன் மூன்று மணித்தியாலச் சுற்று. எங்கள் படகில் பன்னிரண்டு பேர். பெரும்பாலும் ஓய்வு பெற்ற சிங்களத் தம்பதிகள். தமிழர் என்று எங்களை விட்டால் கொழும்பில் புடவைக்கடை வைத்திருந்த ஒரு ஐயாவும் அவர் மனைவியும். வழிகாட்டி ஒரு சின்னப் பெண். ஓலைத் தொப்பி, கையில் மஞ்சள் கொடி. அவள் ஆங்கிலத்தில் சொல்ல, நான் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அந்தக் காலை மாதிரி அம்மா சிரித்து நான் என் வாழ்நாளில் கண்டதில்லை. ஆறு முழுக்கப் படகுகள். முன்பக்கத்தில் பெரிய கண் இரண்டு வரைந்திருந்தார்கள். ஒரு படகில் மலைபோல் பூசணிக்காய், அடுத்ததில் அன்னாசி. ஒரு கிழவி சின்னத் தோணியில் அடுப்பு வைத்துச் சூப் காய்ச்சி விற்றாள். பெரிய படகுகளுக்குள்ளேயே குடும்பம் நடத்தினார்கள். நாய் குரைத்தது, குழந்தை தொட்டிலில் கிடந்தது. "கடையும் வீடும் ஒண்டு. ஆரும் எழும்பு எண்டு சொல்ல ஏலாது" என்றா அம்மா. மூன்று முறை இடம்பெயர்ந்த மனிசி அவ.

ஒவ்வொரு படகிலும் ஒரு நீளக் கழி நட்டு, அதில் விற்கிற சாமானைக் கட்டியிருந்தார்கள். இரைச்சலில் கூவி விற்க முடியாதாம். தூரத்திலிருந்தே கழியைப் பார்த்து வருவார்களாம். வழிகாட்டிப் பெண் விடுகதை போட்டாள். "தொங்கும், ஆனால் விற்பதில்லை. அது என்ன?" ஒருவருக்கும் தெரியவில்லை. அவள் ஒரு படகின் பின்பக்கத்தைக் காட்டினாள். கொடியில் உடுப்புக் காய்ந்தது. நான் மொழிபெயர்த்ததும் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. "நல்ல காலம் சொன்னாள். இல்லாட்டி ஆரின்ரயோ உள்பாவாடைக்கு விலை கேட்டிருப்பன்!" புடவைக்கடை ஐயாவின் மனைவியும் சேர்ந்து சிரித்தா. நானும் சிரித்தேன். பிறகு வழிகாட்டிப் பெண், கழியில் ஓலை கட்டியிருந்தால் படகையே விற்கப்போகிறார்கள் என்று அர்த்தம் என்றாள். அம்மா ஓலை கட்டிய படகு ஒன்றைத் தேடித் தேடிப் பார்த்தா.

இவ்வளவு சிரிக்கிறாவே, இன்றைக்கு வேண்டாம், நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தேன். மூன்று வருடமாக அதைத்தானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

படகு திரும்புகிற நேரம் அம்மா என் கையைப் பிடித்தா. "பிள்ளை, கரையில உடுப்புக்கடை கிடையாமலோ போகும்? தம்பிக்கு ஒரு நீலச் சேட்டு எடுப்பம். அவனுக்கு நீலம் எடுக்கும்."

"ஓம், நீலம் அவனுக்கு வடிவாத்தான் இருக்கும்" என்றேன். என் பழைய ஒளிப்பிடம்.

"இப்ப அவன்ர அளவு என்ன? மெலிஞ்சிட்டானோ, தடிச்சிட்டானோ?"

இப்ப. அந்த ஒரு சொல்லுக்குள் ஒளிய முடியாது. மெலிவான், தடிப்பான் என்று சொல்ல முடியுமா? தொலைபேசியாக இருந்திருந்தால், குசினியில் ஏதோ கருகுகிறது என்று வைத்திருப்பேன். இங்கே அம்மாவின் கண் என் முகத்தில் இருந்தது, சுற்றிவரத் தண்ணீர்.

"தம்பி இல்லையம்மா" என்றேன்.

படகு இயந்திரம் பலத்த சத்தம். அம்மா காதைக் கிட்டக் கொண்டுவந்தா. "அந்த அளவில இல்லையோ? அப்ப ஒரு அளவு பெரிசா எடுப்பம். துவைக்கச் சுருங்கும்."

செத்தவர்களை நாங்கள் செத்தார் என்று சொல்வதில்லை. இல்லை என்போம், மோசம் போனார் என்போம், தவறிட்டார் என்போம். மரியாதைக்காகப் பிறந்த சொற்கள். அன்றைக்கு அதில் ஒன்றும் உதவவில்லை. நான் அம்மாவின் காதுக்குள் கத்தினேன்: "தம்பி செத்துப்போனான் அம்மா. கார் அடிபட்டுச் செத்துப்போனான். மூண்டு வருசமாச்சு."

என்னவெல்லாமோ எதிர்பார்த்திருந்தேன். நெஞ்சைப் பிடிப்பா, மயங்கி விழுவா, என்னை அடிப்பா. புடவைக்கடை ஐயாவிடம் மாத்திரை இருக்குமா என்றுகூட முதல் நாளே விசாரித்து வைத்திருந்தேன். அம்மா அசையவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, கணக்குப் பிழைத்த பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தா.

"அப்ப, தடிமனெண்டு என்னோட கதைச்சது ஆர்?"

நான் படகுக் கழிகளைப் பார்த்தேன்.

"ஆரெண்டு கேக்கிறன்."

"உங்கட மருமகன்."

அந்த நேரம் பார்த்து வழிகாட்டிப் பெண் எல்லாருக்கும் அன்னாசி கொடுத்துக்கொண்டு வந்தாள். தோல் சீவி, காம்பைப் பிடித்துக் கடிக்கிற மாதிரி வெட்டியது. அம்மாவின் கையிலும் ஒன்றைத் திணித்தாள். அம்மா அதை வாங்கிப் பிடித்துக்கொண்டா. சாறு முழங்கை வரை வழிந்து சேலையில் சொட்டியது. துடைக்கப் போன என் கையை அம்மா தள்ளிவிட்டா.

அரிசி நூடில்ஸ் செய்கிற ஒரு இடத்தில் படகைக் கட்டினார்கள். கரையில் சீமெந்துப் படிகள், ஆற்றுக்குள் இறங்கிக் கிடந்தன. எல்லாரும் மேலே ஏறினார்கள். அம்மா மட்டும் படியில் நின்றா.

"நான் முழுகவேணும்."

"அம்மா?"

"செய்தி கேட்டா முழுகவேணும். என்ர பிள்ளையின்ர செய்தி நான் இப்பதான் கேக்கிறன்."

எவ்வளவு பிந்திக் கேட்டாலும் இரத்த உரித்துள்ளவர் கேட்ட இடத்தில் தலை முழுகவேண்டும். அது எங்கள் வழக்கம். எனக்கு மறந்துபோயிருந்தது. அம்மா அன்னாசியைப் படியில் வைத்தா, செருப்பைக் கழற்றினா, கட்டிய சேலையோடு இறங்கினா. நான் பின்னால் பாய்ந்து கையைப் பிடித்தேன். உதறினா. "நீ தொடாதை." அதைக் கேட்டுப் புடவைக்கடை ஐயாவின் மனைவி மேலிருந்து திரும்பி வந்தா. மூன்று நாள் பழக்கம்தான். என் முகத்தையும் அம்மாவின் முகத்தையும் பார்த்தா. தானும் இறங்கி அம்மாவின் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டா. அந்த மண்ணிறத் தண்ணீரில் அம்மா மூன்று முறை தாழ்ந்து எழும்பினா. மூன்றாம் முறை எழும்பும்போதுதான் குரல் வெளியே வந்தது. "என்ர ராசா! என்ர குஞ்சு! நான் உன்ர முகத்தைக் கடைசியாப் பாக்கேல்லையே!" சந்தைப் படகுகளில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வழிகாட்டிப் பெண் கொடியோடு ஓடி வந்தாள். ஆங்கிலத்தில் பதறினாள். சுகமில்லையா, விழுந்துவிட்டாவா, என்ன நடந்தது?

"இவவுடைய மகன் இறந்துவிட்டார்" என்றேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "எப்போது?"

நான் அந்தப் பெண்ணுக்கு எதை, எங்கிருந்து விளங்கப்படுத்துவது? "இன்றைக்கு" என்றேன். அவள் கொடியை மடக்கிவிட்டு, ஓலைத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, படியில் தலைகுனிந்து நின்றாள்.

திரும்பி வரும் வழியில் அம்மா விடுதித் துவாயைத் தலையில் கட்டிக்கொண்டு பஸ் ஜன்னலோரம் இருந்தா. பக்கத்து இருக்கையில் என்னை இருக்க விட்டா, அவ்வளவுதான். பாதி வழியில், ஜன்னலைப் பார்த்தபடியே, மெதுவாகச் சொல்லத் தொடங்கினா.

"ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயிலில அவன்ர பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லி, நீண்ட ஆயுள் வேணுமெண்டு அர்ச்சனை செய்தனான். செத்த பிள்ளைக்கு. மூண்டு வருசம். என்னைக் கடவுளுக்கு முன்னால விசரியாக்கிப் போட்டியள்."

"உங்கட நெஞ்சு தாங்காதெண்டு பயந்துதான் அம்மா..."

"தாங்கிச்சுதுதானே. இப்ப தாங்கிச்சுதுதானே? நீங்கள் எல்லாரும் கூடி அழுதியள். ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்கொண்டு அழுதியள். பெத்த நான் மட்டும் அண்டைக்குச் சோறு சமைச்சுத் திண்டிருப்பன்." துவாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "அந்தப் பெட்டைக்கு நான் சொல்லிறன். நீ எடுத்துச் சொல்லாதை. நீ சொன்னா அதுகள் நம்பாதுகள்" என்றா.

நான் அழுதேன். அம்மா என் பக்கம் திரும்பவேயில்லை. அவவுடைய கோபம் நியாயம் என்று எனக்கு அப்போதும் தெரியும். ஆனாலும் பதினான்கு வருடத்துக்குப் பிறகு கண்ட தாய், ஒருக்காவாவது என் தலையைத் தடவ மாட்டாவா என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. விமான நிலையத்தில் பிரியும்போது "கவனமாப் போ" என்றா.

மொன்றியலுக்கு வந்த பிறகு மூன்று மாதம் அம்மா தொலைபேசிக்கு வரவில்லை. நான் ஞாயிறு தவறாமல் தெப்பனூர் என்கிற மூலைக்கடையில் தொலைபேசி அட்டை வாங்கி, அந்த நீள இலக்கங்களை அழுத்தி அழுத்திப் பார்ப்பேன். அம்மாவோடு இருந்த மாமி எடுத்து, "அவ இப்ப வரமாட்டாவாம் பிள்ளை" என்பா. பிறகு ஒரு நாள் அம்மாவே எடுத்தா.

"அம்மா, நான்தான்."

"நான் எண்டா ஆர்?"

விளையாடுகிறா என்று நினைத்துச் சிரித்தேன். அந்தப் பக்கம் சிரிப்பில்லை.

"நீதானெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? பத்து வயசில கிணத்துக்க எதை விழுத்தினனி?"

"உங்கட மூக்குத்தியை அம்மா."

"ம்" என்றா. பிறகுதான் சுகம் விசாரித்தா.

அன்று தொடங்கியது. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு கேள்வி. முதல் பள்ளிக்கூடத்தில் என்னை அடித்த ரீச்சர் ஆர், இடம்பெயர்ந்தபோது மாட்டு வண்டிலில் எந்தப் பக்கம் இருந்தேன், அப்பா என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவார். நான் சோதனை எழுதுகிற பிள்ளை மாதிரி, சனிக்கிழமை வேலையில் நின்று தட்டு அடுக்கும்போதே பழைய விசயங்களையெல்லாம் நினைவுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்வேன். மருமகனோடு கதைக்க அம்மா மறுத்துவிட்டா. பிள்ளைகளைக் கதைக்க விட்டால், அவர்களின் பிரெஞ்சு கலந்த தமிழைக் கேட்டுவிட்டு, "ஆரின்ர பிள்ளையளோ" என்பா. கோபத்தில் செய்கிறா, தணிந்துவிடும் என்றார் என் மனிசன். கோபமாக இருந்திருந்தால் நல்லது. பயம் அது. ஒரு பிள்ளை செத்ததைக் குரலால் மறைத்துவிட்டார்கள்; மற்றதையும் மறைக்கிறார்களோ என்று அம்மா ஒவ்வொரு கிழமையும் பயந்துகொண்டிருந்தா.

ஒரு மார்கழி ஞாயிறு எனக்கு உண்மையாகவே தடிமன் பிடித்தது. குரல் கட்டிவிட்டது. அழைக்காமல் விட்டால் இன்னும் பயப்படுவா என்று அழைத்தேன். அம்மா கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைச் சொன்னேன். அடுத்ததற்கும் சொன்னேன். மூன்றாவதற்கும் சொன்னேன்.

"உதெல்லாம் அவள் தன்ர மனிசனுக்குச் சொல்லி வச்சிருப்பாள்" என்றா அம்மா. யாரோ ஒரு பிறத்தியாருக்குச் சொல்கிற மாதிரி. "நீர் ஆர் பிள்ளை? ஏன் தொண்டை அடைச்சிருக்கு? என்ர மகளுக்கு என்ன நடந்தது?"

"அம்மா, நான்தானம்மா!" கத்தினேன். அடைத்த தொண்டையால் எவ்வளவு கத்த முடியுமோ அவ்வளவு கத்தினேன். பிள்ளைகள் அறையை விட்டு ஓடி வந்தார்கள். "நான் உயிரோட இருக்கிறன். நல்லா இருக்கிறன் அம்மா. யோசியாதேங்கோ!"

பிறகு அம்மா, கோபமேயில்லாமல், பழைய அன்போடு சொன்னா:

"அவனும் அப்பிடித்தானே பிள்ளை சொன்னவன்."